தரையில் காத்திருக்கும் விமானம்: வான்போக்குவரத்து ஓட்ட மேலாண்மையின் வரலாறு

ஒரு விமான நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் தரையிறங்க முடியுமோ, அதுவே அதன் வருகைக் கொள்திறன். ஓடுபாதையின் நீள அகலத்தைப் போல இதுவும் நிலையான அளவு என்று தோன்றும். உண்மையில் அது மேகத்தோடும் காற்றோடும் மாறிக்கொண்டே இருப்பது. காலை 8 மணிக்கு 30 ஆக இருப்பது முற்பகலில் 60 ஆகலாம். அந்த மாற்றம் 10 மணிக்கு வருமா, 12 மணிக்கு வருமா என்பதை அதிகாலையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 12 மணிக்கு வந்து சேர வேண்டிய தொலைதூர விமானம் காலை 6 மணிக்கே வேறோர் ஊரிலிருந்து புறப்பட்டாக வேண்டும்.

இந்த இடைவெளியில் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றிய துறையே வான்போக்குவரத்து ஓட்ட மேலாண்மை. விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் வேலை. இறங்க இடமில்லாத ஊரை நோக்கி அளவுக்கு மீறிய விமானங்கள் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள்வது ஓட்ட மேலாண்மையின் வேலை. முன்னதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு உண்டு. பின்னது தனித்துறையாக உருவெடுத்து அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலாகிறது.

அடுக்கடுக்காக வட்டமடித்த காலம்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விமானத் திடலில் 1929 இல் ஆர்ச்சி லீக் என்பவர் கொடிகளை அசைத்து விமானங்களை வழிநடத்தினார். அந்நாட்டின் முதல் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக அவரையே குறிப்பிடுவர். ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களைக் கண்காணிக்கும் முதல் மையம் 1935 டிசம்பர் 1 அன்று நியூவார்க்கில் தொடங்கியது. அதை அமைத்தது அரசு அன்று, விமான நிறுவனங்களே கூடி அமைத்தன. அடுத்த ஆண்டு அது அரசின் கைக்கு மாறியது. கரும்பலகை, வரைபடம், வரைபடத்தின் மேல் நகர்த்தப்படும் சிறு அடையாளங்கள், தொலைபேசி ஆகியவையே அங்கிருந்த கருவிகள்.

அந்த நாள்களில் இறங்க இடம் கிடைக்காத விமானத்துக்கு ஒரே வழிதான் இருந்தது. நிலையத்துக்கு அருகில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அது வட்டமடித்துக் காத்திருக்கும். இன்னொன்று வந்தால் அதற்கு 1,000 அடி மேலே சுற்றும். அடியில் இருப்பது இறங்கியதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். நாலைந்து விமானங்கள் இருக்கும் வரை இது நல்ல ஏற்பாடு. எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதை 1948 இல் பெர்லின் காட்டியது.

மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளைச் சோவியத் படை அடைத்திருந்த காலம் அது. உணவும் நிலக்கரியும் விமானத்தில்தான் வந்தன. ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மேகம் மிகத் தாழ்வாக இறங்கி மழை கொட்டியது. டெம்பெல்ஹாப் நிலையத்தில் ஒரு சரக்கு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப்போய் எரிந்தது. அதன்மேல் மோதாமலிருக்க அடுத்தது பிரேக் பிடித்ததில் சக்கரங்கள் வெடித்தன. மூன்றாவது, கட்டி முடிக்கப்படாத ஓடுபாதையில் இறங்கித் தடுமாறிச் சுழன்றது. கீழே இது நடந்துகொண்டிருக்க, மேலே மேகத்துக்குள் விமானங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தபடி இருந்தன. அவற்றில் ஒன்றில் இந்த வான்வழி உதவிக்குப் பொறுப்பேற்றிருந்த ஜெனரல் வில்லியம் டன்னரும் இருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இரண்டாம் உலகப் போரின்போது, அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுசென்ற அமெரிக்க விமானப் பணியை நடத்தியவர் அவர். தன்னுடையதைத் தவிர மற்ற எல்லா விமானங்களையும் திருப்பி அனுப்பும்படி அவர் அங்கிருந்தே வானொலியில் ஆணையிட்டார்.

அதன்பின் வந்த விதி எளிமையானது. விமானங்கள் 3 நிமிட இடைவெளியில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு முயற்சி. தரையிறங்க முடியாவிட்டால் வட்டமடிக்கக் கூடாது. சுமையோடு நடு வான்வழியில் திரும்பிப் போய்விட வேண்டும். ஒரு விமானத்தின் பயணம் வீணாவதை ஏற்றுக்கொண்டு, வரிசை முழுவதும் குலைவதைத் தடுத்த விதி இது. காத்திருப்பு எங்கே நடக்க வேண்டும் என்ற கேள்வி இங்கேதான் முதன்முதலாகத் தெளிவாக எழுந்தது எனலாம். ஆனால் டன்னருக்கு ஒரு வசதி இருந்தது. நிலக்கரி மூட்டைக்கு அடுத்த விமானத்தைப் பிடிக்கும் கவலை கிடையாது. பயணிகள் விமானத்தை அப்படிப் பாதி வழியில் திருப்பி அனுப்ப முடியாது.

வானிலிருந்து தரைக்கு

ஜெட் விமானங்கள் பெருகிய 1960களில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் ஆகிய நகரங்களின் நிலையங்கள் திணறத் தொடங்கின. அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1969 இல் ஐந்து நிலையங்களுக்கு மணிக்கு இத்தனை விமானங்கள்தான் என உச்சவரம்பு விதித்தது. கென்னடி, லகார்டியா, நியூவார்க், சிகாகோ ஓ'ஹேர், வாஷிங்டன் நேஷனல் என்பவையே அந்த ஐந்தும். இது கால அட்டவணையைக் கட்டுப்படுத்தியதே தவிர, அன்றன்றைய வானிலைக்கு விடை சொல்லவில்லை. அதற்காகவே 1970 இல் வாஷிங்டனில் நாடு முழுவதற்குமான மைய ஓட்டக் கட்டுப்பாட்டு நிலையம் அமைக்கப்பட்டது. ஓரிடத்தில் புயல் என்றால் நாட்டின் மறுகோடியில் உள்ள விமானத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் முதன்முறையாக ஒரே அறைக்கு வந்தது.

1973 இன் எண்ணெய் நெருக்கடி அடுத்த திருப்பம். வானில் வட்டமடிப்பது எரிபொருளை வீணாக்குவது. எரிபொருள் மலிவாக இருந்தவரை அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. விலை ஏறியதும் கணக்கு மாறியது. எப்படியும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் இறங்கப் போகிறது என்றால், அந்த ஒரு மணி நேரத்தைப் புறப்படும் ஊரிலேயே இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கழிக்கலாமே என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதுவே தரைத் தாமதத் திட்டம். சேருமிடத்தின் கொள்திறன் குறையும் என்று தெரிந்தால், அங்கே செல்லவேண்டிய ஒவ்வொரு விமானத்துக்கும் புதிய புறப்பாட்டு நேரம் கணித்துக் கொடுக்கப்படும். அதற்கு முன் அது புறப்படக் கூடாது.

1981 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பணிக்குத் திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் இரண்டே நாளில் பணிநீக்கம் செய்தார். ஓடுபாதைகள் அப்படியே இருந்தன, வானமும் தெளிவாக இருந்தது. ஆனால் கொள்திறன் சரிந்துவிட்டது. மீதமிருந்தவர்களைக் கொண்டு போக்குவரத்தை நடத்த, வானில் காத்திருப்பதை இயன்றவரை ஒழித்துத் தரையிலேயே நிறுத்திவைப்பது தவிர வேறு வழியில்லை. அவசரத்துக்குக் கையாண்ட முறை பிறகு வழக்கமாயிற்று.

அவியாங்கா 52

தரையில் நிறுத்திவைப்பது எரிபொருள் செலவைப் பற்றியது மட்டுமன்று என்பதை 1990 ஜனவரி 25 இரவு உணர்த்தியது. கொலம்பியாவின் மெடலினிலிருந்து நியூயார்க் கென்னடி நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம் வழியில் மூன்று இடங்களில் வட்டமடிக்க வைக்கப்பட்டது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் அருகே 19 நிமிடம், அட்லாண்டிக் சிட்டி அருகே 29 நிமிடம், கென்னடிக்குத் தெற்கே இன்னொரு 29 நிமிடம். மொத்தம் 77 நிமிடங்கள். அன்று கென்னடியில் பார்வைத் தூரம் குறைவு, காற்றும் திடீர் திடீரென மாறியது. விமானிகள் பலர் இறங்க முயன்று முடியாமல் மீண்டும் மேலேறினர். திட்டமிட்ட எண்ணிக்கையில் விமானங்கள் தரையிறங்க முடியவில்லை. வந்துகொண்டிருந்தவையோ நிற்கவில்லை.

அவியாங்கா விமானமும் முதல் முயற்சியில் இறங்க முடியாமல் மேலேறியது. இரண்டாவது முயற்சிக்குத் திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து நான்கு இயந்திரங்களும் நின்றன. லாங் ஐலண்டின் கோவ் நெக் என்னும் சிற்றூரின் மரங்களுக்கிடையே அது விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் இல்லாத விமானம் என்பதால் தீப்பிடிக்கவில்லை.

எரிபொருளைச் சரிவரக் கணக்கிடாததும், அவசரநிலை என்ற சொல்லைத் தெளிவாக அறிவிக்காததும் விமானிகளின் தவறு என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. துணை விமானி எரிபொருள் தீர்ந்து வருகிறது என்றுதான் சொன்னார். அவசரநிலை என்று சொல்லவில்லை. மொழிச் சிக்கலுக்கு எடுத்துக்காட்டாக இந்த விபத்து இன்றும் பாடநூல்களில் பேசப்படுகிறது. அதே அறிக்கை விபத்துக்குத் துணைபோன காரணங்களில் ஒன்றாகப் போதுமான ஓட்ட மேலாண்மை இல்லாததையும் குறிப்பிட்டது. இந்தப் பகுதி அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. ஓர் ஊரின் கொள்திறனைக் கூடுதலாக மதிப்பிட்டால், அந்தத் தவறின் விலையை வானில் இருப்பவர்கள் கொடுக்க நேரும்.

சான் பிரான்சிஸ்கோவின் மேகம்

அப்படியானால் எப்போதும் குறைத்தே மதிப்பிட்டுவிடலாமே என்று கேட்கலாம். அதற்கும் விலை உண்டு. அதைப் புரிந்துகொள்ளச் சான் பிரான்சிஸ்கோவைவிட நல்ல இடம் இல்லை.

அந்நகரின் விமான நிலையத்தில் வருகைக்குப் பெரும்பாலும் பயன்படும் இரண்டு இணை ஓடுபாதைகளுக்கு இடையே உள்ள தூரம் 750 அடி, அதாவது ஏறத்தாழ 230 மீட்டர் மட்டுமே. வானம் தெளிவாக இருந்தால் பக்கத்துப் பாதையில் இறங்கும் விமானத்தை விமானி கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்கலாம். இரண்டு பாதையிலும் சேர்த்து மணிக்கு 60 விமானங்கள் வரை இறங்கும். கோடைக் காலையில் பசிபிக் கடலிலிருந்து தாழ்வான மேகம் விரிகுடாவின் மேல் வந்து படியும். அப்போது பக்கத்து விமானம் கண்ணுக்குத் தெரியாது. கருவிகளை மட்டும் நம்பி இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு விமானங்களை ஒருசேர இறக்க அனுமதியில்லை. ஒற்றை வரிசைதான். கொள்திறன் 30 ஆகப் பாதியாகிவிடும். வெயில் ஏற ஏற மேகம் கரைந்து, பெரும்பாலும் நண்பகலுக்குள் விலகிவிடும். எப்போது விலகும் என்பதுதான் கேள்வி.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். காலை 8 மணி முதல் மணிக்கு 45 விமானங்கள் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேகம் இருக்கும்போது 30 இறங்கும். மணிக்கு 15 தேங்கும். 10 மணிக்கு மேகம் விலகினால் தேங்கியவை 30. பிறகு மணிக்கு 60 இறங்குவதால் 2 மணி நேரத்தில் தேக்கம் தீரும். எல்லா விமானங்களின் தாமதத்தையும் கூட்டினால் 60 மணி நேரம். மேகம் 12 மணிக்கு விலகினால் தேங்கியவை 60, தேக்கம் தீர 4 மணி நேரம், மொத்தத் தாமதம் 240 மணி நேரம். மேகம் இருந்த நேரம் இரண்டு மடங்குதான் ஆனது. தாமதமோ நான்கு மடங்கு. இதனால்தான் மேகம் விலகும் நேரத்தை ஒரு மணி நேரம் தவறாகக் கணித்தாலும் அதன் விளைவு பெரிதாகிறது.

இப்போது 12 மணி வரை மேகம் இருக்கும் என்று எண்ணி, மணிக்கு 30 விமானங்கள் மட்டும் வரும்படி எல்லா ஊர்களிலும் தாமதம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் மேகம் 10 மணிக்கே விலகிவிட்டது என்று கொள்வோம். வெயில் காய, ஓடுபாதையில் பாதி நேரம் ஒன்றும் இறங்காது. 2 மணி நேரத்தில் 60 இடங்கள் வீண். இறங்கவேண்டிய விமானங்கள் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நின்றுகொண்டிருக்கும். அவற்றை உடனே விடுவித்தாலும் வந்து சேர 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பயன்படாமல் போன தரையிறங்கும் நேரத்தை எடுத்துவைத்துப் பிறகு பயன்படுத்த வழியில்லை.

ஒருபுறம் வீணாகும் ஓடுபாதை, மறுபுறம் வானில் குவியும் விமானங்கள். இரண்டில் எந்தத் தவறைச் செய்வது நல்லது என்பதே முடிவெடுப்பவர் முன் இருக்கும் உண்மையான கேள்வி.

கணிதம் நுழைகிறது

இக்கேள்வியைக் கணித வடிவில் முறையாக எழுதியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அமெடியோ ஒடோனி. 1987 இல் வந்த அவருடைய கட்டுரை, கொள்திறன் என்பது ஓர் எண் அன்று, பல வாய்ப்புகளின் தொகுதி என்று எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு இத்தாலியைச் சேர்ந்த ஆந்த்ரெயாத்தா, ரொமானின்-ஜாக்கூர் ஆகிய இருவரும், ஒரே நிலையம், நெரிசலான ஒரே காலப்பகுதி என்ற மிக எளிய நிலைக்குத் தீர்வு கண்டனர். அடுத்து வந்த ரிச்செத்தாவும் ஒடோனியும் ஒரு நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டனர். மேகம் 10 மணிக்கு விலகும் நாள், 11 மணிக்கு விலகும் நாள், விலகாத நாள் எனச் சில காட்சிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு. வானில் ஒரு நிமிடம் காத்திருப்பதன் செலவு தரையில் காத்திருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு என்று வைத்து, எல்லாக் காட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் சராசரிச் செலவு மிகக் குறைவாக வரும் தாமதப் பங்கீட்டைக் கணினி தேடியது.

இதில் கிடைத்த விடை பலருக்கு வியப்பாக இருந்திருக்கும். வானில் காத்திருப்பதை அறவே ஒழிப்பது சிறந்த முடிவு அன்று. எரிபொருள் இருப்பு அனுமதிக்கும் அளவுக்குச் சில விமானங்கள் நிலையத்தின் அருகே தயாராக இருப்பது நல்லது. மேகம் எதிர்பாராமல் விலகினால் அந்த இடங்களை அவை நிரப்பும். அவியாங்கா 52 காட்டியதுபோல, அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் உயிர் இருக்கிறது.

மைக்கேல் பால், ஹாஃப்மன், ஒடோனி, ரிஃப்கின் ஆகியோர் 2003 இல் வெளியிட்ட மாதிரி இன்னொரு படி முன்னே சென்றது. எந்த விமானத்துக்கு எவ்வளவு தாமதம் என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு காலப்பகுதியிலும் எத்தனை விமானங்களை வரவிடலாம் என்று மட்டும் சொன்னது. எந்த விமானம் என்பதை நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஒதுங்கிய போக்குக்கு ஒரு காரணம் இருந்தது. அது கணிதத்தைச் சேர்ந்ததன்று.

மறைக்கப்பட்ட செய்திகள்

1990களின் நடுப்பகுதி வரை தரைத் தாமதத் திட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு விமானம் பழுதினால் ஒரு மணி நேரம் தாமதமாகும் என்று நிறுவனம் உண்மையைச் சொன்னால், அந்தப் புதிய நேரத்தின்மேல் மேகத்துக்கான தாமதமும் சேர்க்கப்படும். ஒரே விமானத்துக்கு இரட்டைத் தண்டனை. விமானத்தை ரத்து செய்ததாகச் சொன்னால் அதன் இடம் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடும். ஆகவே நிறுவனங்கள் வாயைத் திறக்கவில்லை. வராத விமானத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டு, ஓடுபாதை சும்மா கிடந்தது. வானிலையின் நிச்சயமின்மையோடு மனிதர்கள் உண்டாக்கிய நிச்சயமின்மையும் சேர்ந்துகொண்டது.

1993 இல் அரசும் நிறுவனங்களும் தகவல் பரிமாறிப் பார்க்கும் சோதனையைத் தொடங்கின. அதிலிருந்து பிறந்த கூட்டு முடிவெடுக்கும் முறை 1998 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலும் நியூவார்க்கிலும் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுக்குள்ளேயே மற்ற நிலையங்களுக்கும் பரவியது. இடங்கள் இனி அன்றைய நிலவரப்படி அல்லாமல், முதலில் வெளியிட்ட கால அட்டவணைப்படி பங்கிடப்பட்டன. கிடைத்த இடம் நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் தன் விமானங்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். 9.10 மணி இடத்தைப் பயன்படுத்த முடியாத நிறுவனம் அதை ஒப்படைத்தால், பின்னால் இருப்பவை முன்னே நகரும். ஒப்படைத்தவருக்கு அவர் பயன்படுத்தக்கூடிய பிந்தைய இடம் ஒன்று கிடைக்கும். உண்மையைச் சொன்னவருக்கு இழப்பில்லை என்று ஆனதும் தகவல்கள் தாமாக வரத் தொடங்கின. இத்துறையின் வரலாற்றில் எந்தக் கணினிச் சூத்திரத்தையும்விட இந்த விதிமாற்றமே அதிகம் சாதித்தது என்று சொல்வதில் தவறில்லை.

யாருடைய தாமதம்

மேகம் விலகும் நேரத்தைக் கணிக்கச் சான் பிரான்சிஸ்கோவுக்கென்றே ஒரு முன்னறிவிப்பு அமைப்பு உருவாக்கப்பட்டு, 2004 முதல் பணியில் இருந்தது. மாசசூசெட்ஸின் லிங்கன் ஆய்வகம் இதில் முதன்மைப் பங்கு வகித்தது. மேகம் இந்த மணிக்கு விலகும் என்று மட்டும் சொல்லாமல், இந்த மணிக்குள் விலக இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்றும் அது சொன்னது. ஆனால் 70 விழுக்காடு வாய்ப்பு என்பதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன முடிவெடுப்பது என்பது தனிச் சிக்கல். தவறினால் வானில் குவியும் விமானங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர். வீணான ஓடுபாதை நேரத்துக்கு அவரை யாரும் கேட்பதில்லை. எச்சரிக்கையின் பக்கம் சாய்வது மனித இயல்புதான்.

இன்னொரு வழி, தாமதத்தை அருகிலிருந்து வரும் விமானங்களின்மேல் சுமத்துவது. லாஸ் ஏஞ்சலஸ் விமானத்துக்குப் பயண நேரம் ஒரு மணி அளவே. மேகம் விலகியதும் விடுவித்தால் உடனே வந்துவிடும். நியூயார்க் விமானத்தை நிறுத்திவைத்தால் அந்தத் தாமதத்தைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே தொலைவிலிருந்து வருபவற்றுக்கு விலக்கு அளிப்பது வழக்கமாயிற்று. பால், ஹாஃப்மன், முகர்ஜி ஆகியோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, திட்டம் முன்கூட்டியே முடிந்துவிடும் வாய்ப்பு இருக்கும்போது தொலைவின் வரிசையில் முன்னுரிமை கொடுப்பதே மொத்தத் தாமதத்தை மிகவும் குறைக்கும் என்று நிறுவியது. கூடவே, குறுந்தொலைவு விமானங்களை அதிகம் இயக்கும் நிறுவனத்துக்கு அது அநீதி என்பதையும் எடுத்துரைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு முறையை முன்வைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் பயணி ஒருமணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருப்பதன் காரணம் இதுதான். அதை அவரிடம் யாரும் விளக்குவதில்லை.

ஐரோப்பாவும் இந்தியாவும்

ஐரோப்பாவில் நெரிசல் ஓடுபாதையைவிட வான்வழிகளில் அதிகம். லண்டன், பாரிஸ், பிராங்க்பர்ட், மாட்ரிட், ரோம் என ஐந்து மையங்கள் தனித்தனியே செய்துவந்த பணியை 1996க்குள் பிரசல்ஸில் உள்ள ஒரே மையம் ஏற்றுக்கொண்டது. கணித்துக் கொடுத்த புறப்பாட்டு நேரத்துக்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும் சலுகை என்ற அதன் அளவு பிற நாடுகளிலும் பரவியது.

இந்தியாவில் இந்திய விமான நிலைய ஆணையம் டெல்லியில் மையக் கட்டளை நிலையம் ஒன்றை நடத்துகிறது. சென்னை உள்ளிட்ட பெருநகர நிலையங்களில் அதன் பிரிவுகள் இயங்குகின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் டெல்லியின் பனிமூட்டம் சான் பிரான்சிஸ்கோ மேகத்தைவிடக் கடுமையானது. சான் பிரான்சிஸ்கோவில் கொள்திறன் பாதியாகும். டெல்லியிலோ அது விமானத்துக்கு விமானம் வேறுபடும். ஓடுபாதையில் அடர்பனியிலும் இறங்க உதவும் கருவி இருந்தாலும், விமானத்தில் அதற்கான சாதனமும் விமானிக்கு அதற்கான பயிற்சியும் இருந்தால்தான் இறங்கலாம். பயிற்சி பெறாத விமானி ஓட்டிவரும் விமானம் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பப்படும். இன்றைய கொள்திறன் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை, வந்துகொண்டிருப்பது யார் என்பதையும் பொறுத்தது. சென்னையில் பயணிகள் ஏறி அமர்ந்து கதவு மூடியபின், டெல்லியில் நெரிசல் என்று அறிவித்துவிட்டு விமானம் அசையாமல் நிற்பது இந்தக் கணக்கின் மறுமுனை.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் ஓடுபாதை நீரில் மூழ்கி நிலையம் மூடப்பட்டது. இரவு வரை என்று முதலில் அறிவிக்கப்பட்ட மூடல் பிறகு மறுநாள் காலை வரை நீண்டது. கொள்திறன் சுழியம் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. பிற ஊர்களில் காத்திருந்த விமானங்களுக்குத் தேவைப்பட்டது, தண்ணீர் எப்போது வடியும் என்ற செய்தி.